சாரதா வர்றாக

தேனி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பொன்னுராஜின் மூத்த மகள் சாராள் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. கடை வாசலில் படுத்துக்கொண்டு வழிவிடாத பசுமாட்டைக்கூட, "கொஞ்சம் தள்ளிக்கிறீகளா" என்றுதான் கேட்பாள். மாடு தள்ளாது. அவள் சுற்றிக்கொண்டு போவாள். இப்படிப்பட்டவளைக் கண்டு கம்பம் பள்ளத்தாக்கில் போலீசுக்கே பயப்படாத ஆண்கள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்த காலம் ஒன்று இருந்தது.

சாராள் மிஷன் தையல் வகுப்பில் படித்தவள். அப்போதுதான் கிராமத்துப் பெண்களில் கொஞ்சம் வசதியுள்ளவர்கள் ரவிக்கை போட ஆசைப்பட்டார்கள். ஆண் தையற்காரனிடம் போய் அளவு கொடுக்க முடியாது. பழைய ரவிக்கையை அளவுக்கு அனுப்பினால் போதும் என்பான் அவன். ரவிக்கையே போட்டிராதவள் பழைய ரவிக்கைக்கு எங்கே போவாள்? அதனால் சாராள் கழுத்தில் அங்குல நாடாவைப் போட்டுக்கொண்டு, கையில் குடையோடு பஸ் ஏறி ஊர் ஊராகப் போய் அளவெடுத்தாள். தையல் சொல்லித்தந்த வெள்ளைக்கார அம்மாள் எண்களை இங்கிலீஷில்தான் சொல்வாளாம். அந்தப் பழக்கத்தில் சாராளும் அளவெடுக்கும்போது "ட்வென்டி எய்ட், தர்ட்டி டூ" என்று தனக்குத்தானே முணுமுணுப்பாள். இந்த முணுமுணுப்பும் பின்னால் வேலை செய்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம், பங்குனி மாதம். பதினாலு வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்யக் கூடாது என்று சர்க்கார் போட்ட சட்டம் சீக்கிரமே நடைமுறைக்கு வர இருந்தது. பத்திரிகைகள் அதைச் சாரதா சட்டம் என்று எழுதின. சாரதா என்பது அதைக் கொண்டுவந்த வடக்கத்திக்காரர் ஒருவரின் பெயர், அவர் ஆண்பிள்ளை என்பதெல்லாம் பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். உத்தமபாளையத்துக்குத் தெற்கே, கரட்டோரம் இருந்த ஓடைக்காரன்பட்டிக்குப் பத்திரிகை வருவதில்லை. அங்கே சட்டம் வந்தது ஒச்சாண்டியின் தப்பு மூலமாக.

கிராம முன்சீப், ஊருக்குத் தண்டோரா போடும் ஒச்சாண்டியைக் கூப்பிட்டு, "சாரதா சட்டம் அமலுக்கு வருது. சின்னப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செஞ்சா ஜெயில்னு சொல்லிரு" என்றார். ஒச்சாண்டி தப்பை அடித்துக்கொண்டு புறப்பட்டான். அமல் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாததால் முதல் தெருவிலேயே அதை விட்டுவிட்டான். இரண்டாம் தெருவில் மூச்சு வாங்கியதால் சட்டத்தையும் விட்டான். "சாரதா வருது" என்பதுதான் மிஞ்சியது. ஆனால் ஒச்சாண்டி மரியாதை தெரிந்தவன். சர்க்கார் சம்பந்தப்பட்ட எதையும் 'வருது' என்று சொல்ல அவனுக்கு வாய் கூசும். மூன்றாம் தெருவில் "சாரதா வர்றாக" என்று திருத்திக்கொண்டான்.

அந்த மரியாதையினால் சட்டத்துக்குக் கை, கால், சேலை எல்லாம் முளைத்துவிட்டன. பொழுது சாய்வதற்குள் ஊருக்கே விவரம் தெரிந்திருந்தது. சாரதா என்கிற அம்மா டில்லியிலிருந்து வருகிறாள். இங்கிலீஷில் பேசுவாள். கையில் ஒரு கயிறு வைத்திருப்பாள். பெண்பிள்ளைகளைப் பிடித்து அளப்பாள். அளவு குறைந்தால் அப்பனுக்கும் மாப்பிள்ளைக்கும் விலங்கு.

அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டவர்களில் ஒருவர் கருத்தக்கண்ணன். அவருக்கு நிலம் இருந்தது, தண்ணீர் இல்லை. பக்கத்து நிலத்துக்காரன் சின்னக்கருப்புவிடம் வற்றாத கிணறு இருந்தது, மனைவி இல்லை. இரண்டு மனைவிகள் அடுத்தடுத்துச் செத்துப்போயிருந்தார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருந்தாலும் சின்னக்கருப்பு மீசையைக் கருப்பாகவே வைத்திருந்தான். விளக்குப் புகையையும் விளக்கெண்ணெயையும் குழைத்துப் பூசுவான். வெயில் ஏறினால் மீசை கீழே இறங்கும். கிணற்றில் பாதிப் பங்குக்கு ஈடாகக் கருத்தக்கண்ணனின் மகள் பஞ்சம்மாளைக் கட்டித்தருவது என்று பேச்சு முடிந்திருந்தது.

பஞ்சம்மாளுக்கு வயது பத்து. மாப்பிள்ளை தன்னோடு பாண்டி ஆட வருவாரா என்று ஒரு தரம் கேட்டாள். வரமாட்டார் என்றார்கள். அப்படியென்றால் தானும் வரவில்லை என்றாள். அதற்குப் பிறகு அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவளுடைய அம்மா சுப்புத்தாய் ஒரே ஒரு தரம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். சுப்புத்தாயின் அக்கா சிறுபிள்ளையாகக் கட்டிக்கொடுக்கப்பட்டு, முதல் பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தவள். கருத்தக்கண்ணன் அதையெல்லாம் கேட்டுவிட்டு, தண்ணீர் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்டார். 

கல்யாணத்துக்கு முந்தின நாள், முன்சீப்பின் மனைவி அன்னத்தாய் சொல்லியனுப்பியதன் பேரில் சாராள் ஓடைக்காரன்பட்டிக்கு வந்தாள். அன்னத்தாய்க்கு ரவிக்கை வேண்டும். பெரிய ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, சோளக்காட்டு ஓரமாக நடந்து ஊர் முகப்புக்கு வந்தபோது, புளியமரத்தடியில் ஒச்சாண்டி தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். யாரென்று கேட்டான். சாராளின் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். அவள் தன் பெயரைச் சொன்னாள். அவனுக்கு முதல் பாதி கேட்டது. மறுபாதியை அவனே போட்டுக்கொண்டான்.

"எதுக்கு வந்திருக்கீக?"

"அளவெடுக்க."

ஒச்சாண்டி எழுந்து துண்டை இடுப்பில் கட்டினான். முன்சீப் வீடு எந்தப் பக்கம் என்று அவள் கேட்டதற்குக் குச்சியால் ஒரு பக்கம் காட்டிவிட்டு, வேறொரு பக்கமாக ஓடினான்.

சாராள் ஊருக்குள் நுழைவதற்குள் ஊரில் பெண்பிள்ளைகளே இல்லாமல் போய்விட்டார்கள். குதிருக்குள் இரண்டு பேர், கோழிக்கூடைக்குள் ஒருத்தி. ஒரு வீட்டில் மகளுக்குக் கோவணம் கட்டி ஆண்பிள்ளையாக்கிவிட்டார்கள். அதைப் பார்த்து மிரண்டுபோன அவள் அண்ணன், தனக்கு என்ன கட்டப்போகிறார்களோ என்று கூரைமேல் ஏறிக்கொண்டான். கருத்தக்கண்ணன் வீட்டில் மட்டும் ஒளிக்க வழியில்லை. வாழைமரம் கட்டிப் பந்தல் போட்டாயிற்று. பந்தலைக் குதிருக்குள் வைக்க முடியாது. ஆகவே மகளைப் பதினாலு வயது ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தார்கள்.

பஞ்சம்மாளை உரல்மேல் ஏற்றி நிறுத்தி, உரலும் மறையும்படி அம்மாவின் சேலையைத் தரைவரை சுற்றிவிட்டார்கள். கேட்டால் பதினாலு என்று சொல்லவேண்டும், வேறு எதுவும் சொல்லக் கூடாது என்று உத்தரவு. கருத்தக்கண்ணன் வாசலுக்கு வந்து, தெருவில் போய்க்கொண்டிருந்த சாராளைத் தானே கூப்பிட்டார்.

"வாங்கம்மா. வந்து நல்லா அளந்துக்கங்க. எங்க வீட்ல ஒளிவு மறைவு கிடையாது."

பந்தலைப் பார்த்ததும் கல்யாண ரவிக்கைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சாராள் நினைத்தாள். சந்தோஷமாக உள்ளே போனாள். சுவரில் சாய்ந்தபடி, சின்ன முகத்தோடு மிக உயரமான ஒரு பெண் நின்றாள். இவ்வளவு உயரத்துக்கு இவ்வளவு சின்ன முகத்தைச் சாராள் பார்த்ததில்லை. ஆனாலும் அதைச் சொல்வது மரியாதை இல்லை. கையைப் பற்றி மட்டும் கேட்டாள்.

"கை நீளமா, குட்டையா?"

"பதினாலு" என்றாள் பஞ்சம்மாள்.

கருத்தக்கண்ணனுக்கு முகம் சுருங்கியது. "யாருக்குக் கை நீளம்? எங்க வம்சத்துல ஒருத்தன் அடுத்தவன் காட்டுல ஒரு கதிர் ஒடிச்சான்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

சாராளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது வேலையைத் தொடங்கிவிடுவது அவள் வழக்கம். நாடாவைப் பஞ்சம்மாளின் மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து "ட்வென்டி டூ" என்றாள். மூலையில் நின்ற சின்னக்கருப்பு பக்கத்திலிருந்தவனிடம், அது மாசமா வருஷமா என்று மெதுவாகக் கேட்டான். நாடா இடுப்புக்கு வந்தபோது பஞ்சம்மாளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. சிரித்தாள். நெளிந்தாள். நெளிவதற்கு உரலில் இடம் போதவில்லை. அடுத்த நொடி சேலை உரலைச் சுற்றியபடி கிடந்தது. பஞ்சம்மாள் பாவாடையோடு, தடுமாறி உட்கார்ந்துவிட்ட சாராளின் மடியில் கிடந்தாள்.

எல்லோரும் உரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சம்மாள் சாராளின் காதுக்குள் பேசினாள்.

"சாரதாக்கா, எனக்குப் பதினாலு இல்ல. பத்துதான். என்னை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. ஆட்டுக்குட்டியையும் கூட்டிட்டு வரட்டா?"

அப்போதுதான் சாராளுக்குப் புரிந்தது. கடையில் துணி சுற்றக் கிடக்கும் பத்திரிகைத் தாள்களைப் படிப்பவள் அவள். சாரதா யாரென்றும் தெரியும், இந்த வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்றும் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசினால் குழப்பம் தீரும். தீர்ந்தால் நாளைக்குத் தாலி ஏறும். பேசாமலும் இருக்க முடியாது, பொய்யும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

கருத்தக்கண்ணன், அளவு எப்படியம்மா என்று கேட்டார்.

"பத்தல" என்றாள் சாராள். தையற்காரியாக அது உண்மை.

"எம்புட்டு பத்தல?"

"ரொம்பப் பத்தல. இப்பத் தச்சுப் போட்டா வளர வளரக் கிழிஞ்சிரும். பிள்ளை நல்லா வளரட்டும்."

"மீறிச் செஞ்சா?"

"நான் செய்ய மாட்டேன்."

இவ்வளவு அடக்கமாக ஒரு அதிகாரி பேசினால் பின்னால் பெரிய தண்டனை இருக்கும் என்று கூட்டம் புரிந்துகொண்டது. சின்னக்கருப்புக்கு வியர்த்து, மீசையின் ஒரு பக்கம் தாடைவரை இறங்கிவிட்டது. அவன் கொல்லைப்புற வாசலைத் தேடிப்போனான்.

சாராள் முன்சீப் வீட்டுக்குப் போய் அன்னத்தாய்க்கு அளவெடுத்து முடிக்கும்போது, சுப்புத்தாய் ஒரு செம்போடு வந்தாள். அன்னத்தாய் மோர் எடுக்க உள்ளே போனதும், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். அன்னத்தாய் மதினி போன வாரமே சொன்னாக, தேனியிலருந்து ரவிக்கைக்காரம்மா வருதுன்னு. எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

சாராள் அவளைப் பார்த்தாள். சுப்புத்தாய் இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த மாப்பிள்ளை சொல்லிவிட்டிருக்காக. மலைக்கு மேல குமுளி திருவாங்கூர் ராசா சீமையாம். அங்கன சாரதா பேச்சு செல்லாதாம். நாளைக்கு வண்டி கட்டிப் போய் அங்கன வச்சு முடிச்சிருவோம்னு. கூடலூர் தாண்டி மலை ஏறுற இடத்துல ஒரு கேட்டு இருக்காம். எல்லா வண்டியும் அங்கன நிக்குமாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "கூடலூர்ல யாருக்கும் ரவிக்கை வேணாமா?"

அதற்குள் அன்னத்தாய் வந்துவிட்டாள். தான் மோர் வாங்கத்தான் வந்ததாகச் சொல்லிவிட்டுச் சுப்புத்தாய் போனாள். செம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

சாராள் அன்றைக்குத் தேனி பஸ்ஸில் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிக் கூடலூரில் அத்தை முறையுள்ள ஒருத்தி வீட்டில் தங்கினாள். அத்தைக்கு ரவிக்கை வேண்டுமா என்று கேட்டாள். அத்தைக்கு ஏற்கெனவே மூன்று இருந்தன. ஆனாலும் அளவெடுத்துக்கொண்டாள். இதனால், கூடலூருக்கு எதற்குப் போனாய் என்று அப்பா கேட்டால் சொல்ல உண்மையான பதில் ஒன்று கிடைத்தது.

காலையில் கேட்டடிக்குப் போனாள். வண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கும் இடம் அது. கேட்காரர் உட்கார ஒரு முக்காலி கொடுத்தார். உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. நேற்று தானாக நடந்தது. இன்று தானே வந்து உட்கார்ந்திருக்கிறாள். பயத்தை மறக்க முக்காலியை அளந்தாள். பிறகு கேட்டுக் கட்டையை அளந்து, "ஒன் ஃபார்ட்டி" என்றாள். கேட்காரர் இவள் ஜில்லா போர்டிலிருந்து சோதனைக்கு வந்தவள் என்று நினைத்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சாவடியைப் பெருக்க ஆரம்பித்தார்.

வண்டி வந்தது. முன்னால் கருத்தக்கண்ணன், அவருக்குப் பக்கத்தில் புது வேட்டியில் சின்னக்கருப்பு. உள்ளே சுப்புத்தாயும் பஞ்சம்மாளும். பஞ்சம்மாள் வழியெல்லாம் அழுது ஓய்ந்து, அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். கேட்காரர் எல்லா வண்டிக்காரர்களிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"வண்டியில என்ன பாரம்?"

கருத்தக்கண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தார். முக்காலியில் கழுத்து நாடாவோடு உட்கார்ந்திருந்த சாராள் கண்ணில் பட்டாள்.

"பதினாலு" என்றார்.

கேட்காரர் பதினாலு என்ன, மூட்டையா என்று கேட்டார். பிறகு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். மஞ்சள் பூசிய ஒரு சின்னப் பிள்ளை தூங்குவதைப் பார்த்துவிட்டு, இது யார் வீட்டுக் கல்யாணம், மாப்பிள்ளை யார் என்று சாதாரணமாகத்தான் விசாரித்தார். சாராள் சின்னக்கருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையில் அவனுடைய மீசை எதனால் ஆனது என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். சின்னக்கருப்புக்கு அது தெரியாது. வண்டியிலிருந்து குதித்தான்.

"மாப்பிள்ளையா? நான் குமுளிக்கு மிளகு வாங்கப் போறேங்க. வழியில ஏத்திக்கிட்டாக, ஏறினேன்."

"அப்ப இந்தப் பிள்ளை?"

"இது யார் பெத்ததோ. எனக்கென்ன தெரியும்."

கருத்தக்கண்ணன் சாட்டையைக் கீழே போட்டார். ஜெயிலுக்குப் பயந்த மனிதர்தான், ஆனால் அவருக்குக் கோபம் பயத்தைவிட வேகமாக வரும். "ஏலே, யார் பெத்ததோவா? எம் பொண்ணு. நான் பெத்தது. எம் மகளை ரோட்டுல கிடந்த மூட்டை மாதிரி பேசுறியே."

"மாமா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அந்தம்மா கேக்குது."

"கேக்கட்டும். நாடு கேக்கட்டும். உனக்கு எம் பொண்ணு இல்லடா. உங் கிணத்துல நீயே விழு."

சின்னக்கருப்பு சமாதானம் பேசப் பார்த்தான். கேட்டைத் தாண்டிப் பேசிக்கொள்ளலாம், மேலே ஏறிவிட்டால் ஆபத்தில்லை என்றெல்லாம் கண்ணைக் காட்டினான். கருத்தக்கண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். சுப்புத்தாய் முந்தானையால் மகளின் முகத்து மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சின்னக்கருப்பு வேறு வழியில்லாமல், தான் சொன்ன சொல்லை மெய்யாக்க நடந்தே மலை ஏறினான். மிளகும் வாங்கிவந்தான் என்று கேள்வி.

திரும்பும் வண்டியிலேயே சாராளையும் ஏற்றிக்கொண்டார்கள். கம்பம் வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. கருத்தக்கண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். தான் சாரதா இல்லை, சாராள், தேனி ஜவுளிக்கடைக்காரர் மகள், ரவிக்கை தைப்பவள். கருத்தக்கண்ணன் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"சர்க்கார் ஆளுக அப்படித்தான் வேசம் மாறி வருவாக. நான் யார்ட்டயும் சொல்லலம்மா."

யாரிடமும் சொல்லவில்லை என்றால் ஊர் முழுக்கச் சொன்னார் என்று அர்த்தம். அதன் பிறகு சாராள் பஸ்ஸைவிட்டு இறங்கினால் பள்ளத்தாக்கு முழுக்கச் சேதி பரவியது. கொஞ்ச காலம் தொழில் படுத்துவிட்டது. அவள் எத்தனை தரம் பெயரைத் திருத்திச் சொன்னாலும் ஆண்கள் நம்பவில்லை. பெண்களுக்கு எல்லாம் தெரியும். எந்த வீட்டிலாவது சின்னப் பிள்ளைக்கு வெற்றிலை மாற்றப்போகிறார்கள் என்றால், அந்த வீட்டுப் பெண் யாராவது தனக்கு அவசரமாக ரவிக்கை வேண்டும் என்று தேனிக்குச் சொல்லியனுப்புவாள். சாராள் போவாள். அளவெடுத்துவிட்டு வருவாள். பல வீடுகளில் அதுவே போதுமானதாக இருந்தது.

எல்லா வீட்டிலும் இல்லை. சின்னமனூர்ப் பக்கம் ஒரு ஊருக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பெண்ணுக்குப் பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. சாராள் அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்துக்கொடுத்தாள். வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ள உள்ளே நிறையத் துணி விட்டுத் தைத்திருந்தாள். அன்று கடைக்குத் திரும்பியபோது மாடு வாசலில் படுத்திருந்தது. அதனிடம் எதுவும் கேட்காமல் சுற்றிக்கொண்டு போனாள்.

கருத்தக்கண்ணன் கோபத்தில் சொந்தக் கிணறு வெட்டினார். தண்ணீர் வரவில்லை, நல்ல கல் வந்தது. கல்லை வீடு கட்டுபவர்களுக்கு விற்றுக்கொண்டே இன்னும் ஆழமாக வெட்டினார். கடைசியில் கொஞ்சம் தண்ணீரும் வந்தது. ஒவ்வொரு சித்திரையிலும் மகளைத் தேனிக்குக் கூட்டிவந்து, சாராள் முன்னால் நிறுத்தி, சர்க்கார் என்ன சொல்கிறது என்று கேட்பார். சாராள் காபி கொடுத்து அனுப்புவாள்.

பஞ்சம்மாள் பதினெட்டு வயதில் அப்பாவோடும், அல்லிநகரத்துக் கர்ணன் என்ற பையனோடும் கடைக்கு வந்தாள். கர்ணன் பஸ் கம்பெனியில் கிளீனர். இவனைப் பிடித்திருக்கிறது என்று அவளே வீட்டில் சொன்னதாகவும், அதைக் கேட்டுத் தனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை என்றும் கருத்தக்கண்ணன் சொன்னார். சர்க்கார் உத்தரவு கொடுக்குமா என்று கேட்டார்.

உத்தரவை அவளிடம் கேளுங்கள் என்றாள் சாராள்.

பஞ்சம்மாள் கர்ணனை மேலும் கீழும் பார்த்தாள். "முதல்ல இவுகளை அளந்து சொல்லுங்கக்கா."

கர்ணன் புதுச்சட்டை தைக்கப்போகிறார்கள் என்று நினைத்து, பெரிய சந்தோஷத்தோடு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.